மட்டக்களப்புப் பறங்கியர் பாடல்கள்: ஒரு சிறுபான்மைப் பண்பாடும் நமது திறனாய்வும்

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் நாட்டார் இலக்கியம் பற்றி எழுதுவோர் வழக்கமாக இரு சமூகத்தாரையே மனத்திற் கொண்டு எழுதுவர். வயலிலும் வாவிக்கரையிலும் பாடப்பட்ட கவிகள், வசந்தன், கண்ணகி வழக்குரை, வடமோடி தென்மோடிக் கூத்துகள் என விரியும் இவ்வாய்வுகளிலே தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெறுவர். பிரதேசத்தின் தனித்துவம் இவ்விரு சமூகங்களின் ஊடாட்டத்திற் காணப்படும். இந்நோக்குப் பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. அதே வாவிக்கரையில், புளியந்தீவிலும் டச்பார்ப் பகுதியிலும், தலைமுறை தலைமுறையாக வேறொரு மொழியிற் பாடிவந்த மக்கட் கூட்டமொன்று உண்டு. அவர்தம் பாடல்களை இப்பிரதேசத்தின் இலக்கியமாக நாம் ஏன் வாசிக்கவில்லை என்ற வினாவே இக்கட்டுரையைத் தோற்றுவித்தது.

பறங்கியர் என நாம் அழைக்கும் இம்மக்கள், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள் மூவாயிரத்துக்கும் குறைந்த தொகையினராகவே காணப்பட்டனர். பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். தெருவிலும் சந்தையிலும் தமிழ் பேசுவர். பிள்ளைகள் தமிழிலே கற்பர். ஆனால் வீட்டினுள் நெடுங்காலமாக வழங்கியது இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியாகும். இன்று அம்மொழியைப் பெரும்பாலும் முதியோர் வாயிலேயே கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் கரையை அழித்தபோது இச்சமூகம் தன் சிறு தொகைக்குத் தாங்கவியலாத இழப்பைச் சந்தித்தது. அதற்கு முன்னும் பின்னும் போரும் புலப்பெயர்வும் தம் பங்கைச் செய்தன.

பறங்கி என்னும் சொல்லையே சற்று நோக்கலாம். மத்திய கிழக்கில் ஐரோப்பியரைக் குறித்து வழங்கிய ஒரு சொல், அராபிய பாரசீக வழக்குகளினூடாகத் தமிழுக்கு வந்தது. தமிழகத்திலே ஓர் ஊரின் பெயரிலும் ஒரு காயின் பெயரிலும் அது இடம்பெற்றது; யாழ்ப்பாணத்தில் ஒரு தெருவுக்குப் பெயராயிற்று; ஈழத்திலே ஒரு தொற்று நோய்க்கும் பெயராயிற்று. நோயின் பெயரும் சமூகத்தின் பெயரும் ஒன்றாக இருக்கும் ஒரு மொழியைத் தம் பிள்ளைகளின் பாடசாலை மொழியாக ஏற்று வாழ்வோரின் நிலையை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, ஒருபுறம் இந்துத் தமிழரும் மறுபுறம் முஸ்லிம்களும் சூழ்ந்த வேளாண்மைச் சமுதாயமொன்றில் இச்சிறு தொகையினர் தம் சமயம், மொழி, மணமுறை, இசை ஆகியவற்றுடன் எவ்வாறு நிலைத்தனர்? வழக்கமான விடை, அவர்கள் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள், இரத்தமும் பெருமிதமும் அவர்களைக் காத்தன என்பதாகும். வரலாறு இவ்விடைக்கு இடந்தருவதாயில்லை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628இல். கண்டி அரசனுடன் கூட்டுச்சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638இல். பத்தாண்டுக் கோட்டை வாழ்வு ஒரு சமூகத்தை உருவாக்கிவிட்டது எனக் கொள்வது கடினம். இன்று போர்த்துக்கேயப் பறங்கியர் எனப்படுவோரின் குடும்பப் பெயர்களுட் சில ஒல்லாந்தப் பெயர்களாயிருப்பதும் கவனத்திற்குரியது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலும் இலங்கையின் கலப்புக் குடும்பங்களின் வீட்டு மொழி போர்த்துக்கேயக் கிரியோலே; ஆட்சியாளர் தம் வீடுகளுக்குள் நுழைந்த அம்மொழியைத் தடுக்க முயன்று தோற்றனர். வீட்டை நடத்தியோர் உள்ளூர்ப் பெண்களும் அடிமைகளுமாயிருக்க, கட்டளையாற் கட்டுப்படாத ஒரு மொழி அங்கே வளர்ந்தது.

ஆகவே 'போர்த்துக்கேயர்' என்பது இங்கு இரத்தத்தின் பெயரென்பதிலும் பார்க்க ஒரு சமூகப் படிநிலையின் பெயர் எனக் கொள்வதே பொருத்தம். கொழும்பில் 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் நிறுவப்பட்டது. தந்தைவழி வமிசாவளியைச் சான்று காட்டக் கூடியோர்க்கே அதன் கதவு திறந்தது. சட்டத்தரணிகள், வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோரைக் கொண்ட அவ்வர்க்கம், தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து வாழ்ந்தோரை 'மெக்கானிக்' என்று இகழ்ச்சியாகச் சுட்டியது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட கட்டுரைக்கு 'ஒல்லாந்தப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும்' எனப் பொருள்படத் தலைப்பிட்டதன் காரணம் இதுவே. அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் களப்பணி செய்த அவர், இனப்பெயர் எனத் தோன்றுவது தொழிற்பெயராகவும் இயங்குவதைக் கண்டார். பின்னர் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையடுத்து ஒல்லாந்தப் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியா சென்றனர். வெள்ளையர்க்கே இடமென்ற கொள்கையை அந்நாடு அப்போது கைக்கொண்டிருந்தது. ஐரோப்பிய வமிசாவளியை நிறுவ இயலாத, தோலின் நிறத்தில் அயலவரை ஒத்த மட்டக்களப்புத் தொழிலாளர்க்கு அவ்வழி எளிதாயிருக்கவில்லை. அவர்கள் இங்கேயே இருந்தமைக்கு மண்பற்று மட்டும் காரணமன்று.

இவ்விடத்தில் ஏப்ரகாம் லியோன் என்னும் இளம் மார்க்சியரின் கருத்தொன்று துணைபுரிகின்றது. நாஸி ஆக்கிரமிப்பின் கீழிருந்த பெல்ஜியத்தில் தலைமறைவாக வாழ்ந்தவண்ணம் யூதர் பிரச்சினையைப் பொருள்முதல்வாத நோக்கில் ஆராய்ந்து நூலெழுதிய அவர், 1944இல் அவுஷ்விட்சில் மாண்டார். யூதர் வரலாற்றையும் மீறி நிலைத்தனர் என்ற கூற்றை அவர் மறுத்தார். முதலாளித்துவத்துக்கு முற்பட்ட சமுதாயத்தில் வணிகமும் கடனும் என்ற குறித்த பணியை அவர்கள் ஆற்றியமையாலேயே, அதாவது வரலாற்றினாலேயே, நிலைத்தனர் என்றார். இத்தகைய கூட்டத்தை அவர் 'மக்கள்-வர்க்கம்' என அழைத்தார்.

மட்டக்களப்பிலே இக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்ப்போம். இப்பிரதேசத்தின் நிலமும் நீரும் போடியாரைச் சார்ந்தவை. கோயிலுரிமையும் பள்ளிவாசற் பொறுப்பும் தாய்வழிக் குடிமரபினூடாகப் பகிரப்படுபவை. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இக்குடியமைப்பிலே பறங்கியர்க்கு இடமில்லை. குடியில்லாதவர்க்குத் திருவிழாவிற் பங்கில்லை. வயலிலும் பெரும்பாலும் பங்கில்லை. பழைய தச்சும் கொல்லும் சாதித் தொழில்களாக முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. எஞ்சியது அந்நியராட்சி கொண்டுவந்த புதிய பொருள்களைச் செய்யும் தொழில். மட்டக்களப்பு வீடொன்றினுட் சென்று பாருங்கள்: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், சாவி. தச்சனின் கையிலிருந்து வந்த இப்பொருள்களின் பெயர்கள் யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். சப்பாத்தும் அலவாங்கும் அவ்வாறே. இச்சொற்கள் பறங்கியர் வாயிலாகவே வந்தன என நான் கூறவில்லை. கரையோரம் முழுவதிலும் அவை வழங்கின. எனினும் சொல்லும் பொருளும் தொழிலும் ஒருங்கே வந்த வரலாறு இவற்றிலே தெரிகின்றது. என் பாட்டனார் வீட்டு அலுமாரி ஒரு பறங்கித் தச்சர் செய்தது. அதன் தேக்கையும் பூட்டையும் பாராட்டிப் பேசும் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

தையல் இயந்திரமும் தட்டச்சுப் பொறியும் மோட்டார் வாகனமும் வந்தபோது, அவற்றைத் திருத்தும் கைகள் இச்சமூகத்தில் முன்னரே பழகியிருந்தன. லியோனின் கோட்பாடு இதுவரை ஒத்து வருகின்றது. ஆனால் கோட்பாட்டின் மறுபாதி, பணி கரையுங்கால் மக்களும் கரைவர் என்கின்றது. இயந்திரம் திருத்தும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லார்க்கும் உரியதாயிற்று, பறங்கியர் கரையவில்லை. அவ்வாறாயின் மேற்கட்டுமானத்தின் ஒப்பளவிலான சுயாதீனம் பற்றி நாம் கோட்பாட்டளவில் ஒப்புக்கொள்வதை இங்கு விவரமாகக் காட்டவேண்டிய கடமை எழுகின்றது.

ஒப்பீட்டுக்கு யூதர் வரலாற்றின் மற்றோர் அத்தியாயத்தை நோக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நாட்டுப்புறங்களுக்குத் தலைச்சுமை வியாபாரிகளாகச் சென்ற யூதர், பின்னர் சிறுநகர்தோறும் கடை வைத்தனர். ஊருக்கு ஐந்து குடும்பம், பத்துக் குடும்பம் என்ற நிலை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து வளர்ந்த ஆடவர் வேண்டும் என்பது அவர்தம் விதி. ஒருவர் இறந்தால், ஒருவர் நகருக்குக் குடிபெயர்ந்தால், தொழுகை நின்றுவிடும். விதிப்படி அறுத்த இறைச்சியும் மகளுக்கு மாப்பிள்ளையும் தொலை நகரிலிருந்தே வரவேண்டும். ஒரு பண்பாட்டின் நிலைபேறு இத்தனை வெளிப்படையாக எண்ணிக்கையிலே தங்கியிருந்த இடங்கள் சிலவே. இவர்களினின்றும் வேறானோர் கலிபோர்ணியாவின் பெற்றலூமா நகரைச் சூழக் கோழிப்பண்ணை வைத்தோர். இத்திஷ் மொழி பேசிய இடதுசாரிகள் இவர்களுட் பலர். தொழுகையை நாடாமலே, பாடலும் விவாதமும் கூட்டமுமாக யூதராக வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின் முட்டை உற்பத்தி பெருந்தொழிலாக மாறச் சிறுபண்ணைகள் வீழ்ந்தன. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர். அங்கும் சமூகத்தை வைத்திருந்தது தொழிலும் பாட்டும் சேர்ந்தே. அவற்றுள் ஒன்று போனபின் மற்றது நெடுநாள் தாங்கவில்லை.

மட்டக்களப்புப் பறங்கியர்க்குத் தொழுகையிற் சிக்கலில்லை. தமிழ்க் கத்தோலிக்கருடன் ஒரே கோயிலில் வணங்கினர். ஆகவே சமயம் அவர்களை அயலவரோடு சேர்த்ததேயன்றி வேறுபடுத்தவில்லை. யூதர்க்கு நூலிருந்தது, எழுத்திருந்தது. பறங்கியர் கிரியோலுக்கு அச்சு வடிவந் தந்தோர் வெளியார். வெஸ்லியன் மிஷனரி நியூஸ்ரெட் அம்மொழியிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1826இற் கொழும்பிலே அச்சாயிற்று. புரட்டஸ்தாந்தச் சபையின் அம்முயற்சி மட்டக்களப்புக் கத்தோலிக்கர்க்கு உரியதாகவில்லை. பொது நூலுமின்றித் தனிச் சமயமுமின்றி எஞ்சியது கலியாண வீடு. அங்கேதான் கபிரிஞ்ஞா இசைக்கப்பட்டது, லான்சர்ஸ் ஆடப்பட்டது, நான்கடிப் பாடல்கள் ஒருவர்க்கொருவர் எதிர்ப்பாட்டாகப் பாடப்பட்டன. இந்த வீட்டு நிகழ்வே இச்சமூகத்தின் நிறுவனம் என்பது என் துணிபு. கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் பிற்காலத்தில் மொழியையும் ஆடலையும் பேண முயன்றமை மெச்சத்தக்கது. ஆயினும் சங்கத்துக்கு முன்னரே வயலினும் மேளமும் அப்பணியைச் செய்து வந்தன.

இப்பாடல்களுக்கு ஆய்வு வரலாறு ஒன்று இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பணியாற்றிய சிவில் சேவை அதிகாரி ஹியூ நெவில் திரட்டிய சுவடிகளுடன் இக்கிரியோற் பாடல்களும் இலண்டன் சென்றடைந்தன. கோவாவைச் சேர்ந்த குருவும் மொழியறிஞருமான டல்காடோ 1900இல் இலங்கைக் கிரியோல் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். அமெரிக்கப் பேராசிரியர் கெனத் டேவிட் ஜாக்ஸன், மட்டக்களப்பிற் கேட்டவற்றையும் நெவில் தொகுப்பையும் இணைத்து 1990இல் ஒரு நூல் தந்தார். நாணமின்றிப் பாடு என்பது அதன் தலைப்பின் பொருள். உழைப்பும் பரிவும் மிக்க அந்நூலுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் அவரது ஒப்பீடு பெரிதும் கடல்வழிப்பட்டது. கோவா, கொச்சி, மலாக்கா எனத் துறைமுகந்தோறும் சென்று போர்த்துக்கேய வாய்மொழி மரபின் சிதறிய துண்டுகளை அது ஒன்று சேர்க்கின்றது. அந்நோக்கில் மட்டக்களப்பு ஒரு பேரரசு விட்டுச்சென்ற எச்சம். லிஸ்பன் தன் முகத்தைத் தொலைதூரக் கண்ணாடியிற் காண்கின்றது.

அப்பாடல்களை மட்டக்களப்பிலே நின்று கேட்டால் வேறொன்று புலப்படும். இயன் ஸ்மித் 1970களில் மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்து காட்டியது யாதெனில், சொற்கள் போர்த்துக்கேயமாயினும் வாக்கியத்தின் எலும்புக்கூடு பெரிதும் தமிழ் என்பதாகும். வினை இறுதியில் நிற்கின்றது. போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன் வரும் 'பாரா' என்னும் சொல் இங்கே தேய்ந்து, நமது 'கு' உருபு போலப் பெயரின் பின்னே ஒட்டிக்கொள்கின்றது. நூற்றாண்டுக்கணக்காக இரு மொழியிலும் வாழ்ந்தோரின் வாயில் ஒரு மொழி மற்றதன் அச்சில் வார்க்கப்பட்டுள்ளது. இதனை 'உடைந்த போர்த்துக்கேயம்' என எள்ளியோர், உடையாது நிற்கும் தமிழமைப்பை அதனுட் காணவில்லை. நான்கடிக் கவியை ஆணும் பெண்ணும் எதிரெதிரே எறிந்து பாடுதல் இவ்வாவிக்கரையின் தமிழ், முஸ்லிம் உழவரிடையே வேரூன்றிய மரபு. பறங்கியர் எதிர்ப்பாட்டும் நான்கடியே. காதலும் கேலியும் சவாலுமே அதன் பொருள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனச் சாதிக்க வேண்டியதில்லை. ஐபீரியாவிலும் அத்தகைய வடிவம் பழமையானது. ஆனால் ஒரே ஊரில் அருகருகே பாடப்பட்ட இரு நான்கடி வடிவங்களை ஒருங்கு வைத்துப் படிக்கும் ஆய்வு செய்யப்படவேண்டும்; அதனைச் செய்யத் தகுதியுடையோர் லிஸ்பனிலன்று, இங்கேயே உள்ளனர்.

இசை இதனிலும் வியப்பான பயணத்தைச் செய்தது. கபிரிஞ்ஞா என்னும் பெயர், போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்கரைக் குறித்த, தமிழிற் காப்பிரி என வழங்கும் சொல்லோடு தொடர்புடையது. அடிமைகளும் போர்வீரரும் கைவினைஞரும் ஆடிய அத்தாளம் மேற்குக் கரையிலே பைலாவாயிற்று. 1940களில் வொலி பஸ்ரியன் அதனைச் சிங்களத்தில் மேடைக்கும் ஒலிபரப்புக்கும் உரியதாக்கினார்; எதிர்ப்பாட்டு மரபு வாதப் பைலாவாக உருவெடுத்தது. இசைத்தட்டும் வானொலியும் அதனைப் பண்டமாக்கின. 1970களில் ஏ.ஈ. மனோகரன் பாடிய சுராங்கனி கடல் கடந்தும் ஒலித்தபோது, தமிழ் இளைஞர் ஆடிய தாளத்துக்கும் டச்பார்க் கலியாண வீட்டுக்கும் இருந்த உறவை அறிந்தோர் எத்தனை பேர்? சந்தை தாளத்தை எடுத்துக்கொண்டு மொழியை விட்டுவிட்டது. நமது முற்போக்குத் திறனாய்வும் பைலாவைச் சனரஞ்சகக் களியாட்டமெனத் தள்ளியது. அத்தீர்ப்பு அன்றைய வணிக இசையைப் பொறுத்தவரை முற்றிலும் தவறன்று. ஆயினும் பண்டத்தைக் கண்டித்த நாம் உற்பத்தியாளனைத் தேடவில்லை. மார்க்சியர்க்கு இது சிறு பிழையன்று.

ஆங்கிலத்திலே பறங்கியர் இலக்கியம் இல்லையா எனலாம். மைக்கல் ஒண்டாற்ஜியின் நினைவுநூல் 1982இலும், கார்ல் முல்லரின் பறங்கிக் குடும்ப நாவல் 1993இலும் வெளிவந்தன. முன்னது கொழும்பு மேட்டுக்குடியின் களியாட்டத்தையும் வீழ்ச்சியையும் மயக்கமூட்டும் நடையிற் காட்டுவது. பின்னது புகையிரதத் தொழிலாளர் குடும்பமொன்றைச் சத்தமும் சாராயமுமாகச் சித்திரிப்பது. வர்க்க நோக்கில் நமக்கு இதுவே அணுக்கமானது. இரண்டும் ஆங்கிலம் வீட்டு மொழியான பறங்கியரின் கதைகள். வெளியே தமிழும் உள்ளே கிரியோலுமாக வாழ்ந்த கீழைக்கரைத் தச்சன் அவற்றிலில்லை.

அவன் தமிழ்ப் புனைகதையில் வந்திருக்க வேண்டியவன். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் 'இழிசனர் வழக்கு' என்ற வசைக்கெதிராக நடத்திய மரபுப் போராட்டத்தை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். தாழ்த்தப்பட்டோரின் பேச்சு இலக்கியத்துக்கு உரியதென நிறுவிய அத்தலைமுறை, மண்வாசனை என்ற முழக்கத்தையும் தந்தது. இழிசனர் வழக்கென்னும் சொல் எவ்வளவு கொடியதோ 'உடைந்த போர்த்துக்கேயம்' என்னும் சொல்லும் அவ்வளவு கொடியது. இரண்டின் வர்க்க வேரும் ஒன்றே. எனினும் முன்னதை எதிர்த்த குரல்கள் பின்னதற்காக எழவில்லை. அரசியலிலும் இதே நிலைதான். 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி வழியாகப் பரவிய 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர், முஸ்லிம்களையும் மலையக மக்களையும் உள்ளடக்கும் நோக்குடையது. மொழியே அளவுகோலாயின் மட்டக்களப்புப் பறங்கியரும் தமிழ் பேசும் மக்களே. அவர்களை அத்தொடரில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால், வீட்டில் வேறுமொழி பேசுவோர்க்கும் அதில் இடமுண்டா என்ற இடர்ப்பாடான வினா எழுந்திருக்கும். வட இலங்கையை மையமாகக் கொண்ட தேசிய இலக்கியச் சிந்தனை அவ்வினாவைச் சந்திக்க நேரவில்லை. மட்டக்களப்பிலிருந்து எழுதும் நமக்கு அந்தச் சாக்கில்லை.

ஹியூகோ கார்டோசோவும் அவருடன் பணியாற்றியோரும் 2010களின் நடுப்பகுதி தொடக்கம் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இம்மொழியை ஒலி, ஒளி வடிவிற் பதிவு செய்துள்ளனர். பாடல்கள் உரோம எழுத்தில், போர்த்துக்கேய எழுத்துக்கூட்டலைத் தழுவியே பெரும்பாலும் அச்சிடப்பட்டு வந்துள்ளன. தமிழில் எழுதப் படிக்கக் கற்ற இன்றைய பறங்கி இளைஞர்க்குத் தம் பாட்டியின் பாடலைத் தம் பாடசாலை எழுத்திற் காணும் வாய்ப்பு இதனாற் குறைகின்றது. கிரியோலின் உயிரொலிகளை எழுதத் தமிழ் நெடுங்கணக்குப் போதாதென்பது உண்மை. குறியீடுகள் சில அமைக்க வேண்டும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும் மொழிக்கு, உருபைப் பிரித்தெழுதும் ஐரோப்பிய வழக்கிலும் பார்க்க, சேர்த்தெழுதும் நமது வழக்கே பொருந்தும் என்பதையும் பதிப்பிற்கு முன் ஆராயலாம். பாடத்தை வாசித்துத் திருத்த அம்மொழியறிந்த முதியோர் வேண்டும். அவர்கள் டச்பாரிலும் நகரிலும் இருக்கின்றனர்; தமிழும் பேசுவர்.